போதும் என்று சொல்ல ஒருவர்

எஸ்தர் டீச்சரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது. வேலைதான் வரும்.

கல்லூரியில் வேதியியல் நடத்திய காலத்திலிருந்தே அப்படித்தான். "ஏன் டீச்சர் இது இப்படி ஆகுது?" என்று ஒரு பையன் எழுந்து நின்றால், "அந்தக் குடுவையைக் கழுவிட்டு வா" என்பார். கழுவிக்கொண்டு வருவதற்குள் அவனுக்கே பாதி விளங்கியிருக்கும். மீதிப் பாதி விளங்குவதற்குள் சிலருக்குத் தலை நரைத்துப்போனது. ஆவுடைநாயகம் அந்தச் சிலரில் ஒருவர்.

பாளையங்கோட்டையில் அவர் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் நடத்தி வந்தார். புதிதாக போர்வெல் போட்டவர்கள், கேன் தண்ணீர் விற்பவர்கள், பள்ளிக்கூடத்துக்காரர்கள் என்று பாட்டிலும் கையுமாக ஆட்கள் வந்துபோகிற இடம். அங்கே புதுக் கருவிகள் வந்திருந்தன. அதைக் காட்டுகிறேன் என்று சொல்லித்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் டீச்சரைக் காரில் அழைத்து வந்தார்.

காட்டுவது ஒரு சாக்கு. நெஞ்சில் வேறொன்று முள்ளாகக் கிடந்தது.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேசையருகே வந்தார். முதல் கருவி சின்னதாக, இட்லித்தட்டு அகலத்துக்கு இருந்தது. அதன்மேல் தண்ணீர்க் குடுவையை வைத்து, உள்ளே ஒரு வெள்ளைக் குச்சியைப் போட்டார் ஆவுடைநாயகம். விசையைத் தட்டியதும் குச்சி தானாகச் சுழன்றது. தண்ணீர் நடுவில் குழிந்து சுற்றியது.

"தட்டுக்குள்ள காந்தம் இருக்கு டீச்சர். கலக்கவும் செய்யும், சூடும் பண்ணும். எவ்வளவு சூடு வேணும்னு சொல்லிட்டா அதுக்கு மேல ஏறாது."

"அடுப்பைப் பத்தவச்சு, கண்ணாடிக் கம்பியால கிண்டி, விரலைச் சுட்டுக்கிட்டு... அதெல்லாம் இல்லையா?"

"இல்ல டீச்சர்."

"நல்லதாப் போச்சு. எங்க காலத்துலயே இது வந்திருக்கக் கூடாதா?" என்றார் டீச்சர். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். தம் வலது கைச் சுண்டுவிரலில் இருந்த பழைய தீத்தழும்பைத் தடவிக்கொண்டார்.

அடுத்த கருவி கொஞ்சம் உயரமானது. அமிலத்துக்குள் காரத்தைத் துளித்துளியாக விட்டு, இரண்டும் சரிக்குச் சரி ஆகிற இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலை ஒன்று உண்டே, டைட்ரேஷன், அதைச் செய்வது. அந்த இடம் வந்ததும் நிறமில்லாத தண்ணீர் லேசான ரோஜா நிறம் காட்டும். காட்டிய நொடியில் நிறுத்த வேண்டும். இந்தக் கருவியே துளியை விடும், இதன் ஒளிக்கண்ணே நிறத்தைப் பார்க்கும், இதுவே நின்றும்விடும். ஆவுடைநாயகம் ஒன்று செய்து காட்டினார். கருவி சொட்டியது, நின்றது, கணக்கையும் சொன்னது.

"பிசகே இல்லையே" என்றார் டீச்சர்.

"பிசகாது டீச்சர்."

டீச்சர் சுற்றிலும் பார்த்தார். மூலையில் ஒரு பழைய மேசை. அதில் தாங்கியில் பொருத்திய பியூரெட், அளவுக்கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழல். கீழே அதற்கு ஒரு திருகு. மேசைக்கு முன்னால் இரண்டு முக்காலிகள்.

"கோயில்பிச்சை எங்க? லீவா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஆவுடைநாயகம் காரில் வரும்போது வழியெல்லாம் மழையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

கோயில்பிச்சையும் அவரும் டீச்சரிடம் ஒரே வகுப்பில் படித்தவர்கள். டீச்சரின் ஆய்வகத்தில் ஒரு விநோதமான விதி இருந்தது. மற்ற எந்தக் கல்லூரியிலும் டைட்ரேஷனை ஒரே ஆள்தான் செய்வான். டீச்சரிடம் மட்டும் மேசைக்கு இரண்டு பேர். ஒருவன் திருகைப் பிடிப்பான். அவன் அளவுக்கோட்டைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது. இன்னொருவன் குடுவையை ஆட்டியபடி நிறத்தை மட்டும் பார்ப்பான். நிறம் மாறியதும் "போதும்" என்பான். அந்தச் சொல்லுக்குத் திருகு நிற்க வேண்டும்.

"ஒத்தை ஆளே பாத்துக்கலாமே டீச்சர்?" என்று அந்தக் காலத்தில் ஆவுடைதான் கேட்டார்.

"கைக்கு அவசரம் ஜாஸ்தி. கண்ணையும் அதுகிட்டயே கொடுத்தா அது இஷ்டத்துக்குப் பாக்கும்" என்றார் டீச்சர். பிறகு இருவரையும் ஒரே மேசையில் உட்கார்த்தினார். ஆவுடை கை, கோயில்பிச்சை கண்.

படிப்பு முடிந்தும் அந்த ஜோடி பிரியவில்லை. கூடம் ஆரம்பித்தபோது மூலை மேசையில் அதே மாதிரி உட்கார்ந்தார்கள். இருவருக்கும் கல்யாணமானது, பிள்ளைகள் பிறந்து வளர்ந்து வெளியூர் போனார்கள். ஒருவர் திருகுவதும் மற்றவர் "போதும்டே" என்பதும் மட்டும் மாறவில்லை. மனைவி சொன்னால்கூடப் பேச்சை நிறுத்தாத ஆவுடைநாயகம் கோயில்பிச்சையின் அந்த ஒரு சொல்லுக்கு நிறுத்துவார் என்று இரண்டு வீட்டிலும் கேலி உண்டு.

டீச்சருக்கு வேண்டிய ஒத்தாசையையும் சேர்ந்தேதான் செய்வார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் டீச்சர் ஒரு கேக் சுட்டு, தகர டப்பாவில் வைத்து நாசரேத்துக்கு எடுத்துப் போவார். ஆவுடை கார் ஓட்டுவார். கோயில்பிச்சை பின்சீட்டில் டப்பாவை மடியில் வைத்துக்கொள்வார். அங்கே பழைய சிநேகிதி ஒருத்தியின் ஓட்டுவீட்டின் முன்னால் நிறுத்தச் சொல்லி டீச்சர் மட்டும் இறங்கிப் போவார். கொஞ்ச நேரத்தில் அதே டப்பாவோடு திரும்பி வருவார். "வீட்ல ஆள் இல்ல போல" என்பார். திரும்புகிற வழியில் மூவரும் அந்த கேக்கைத் தின்றுகொண்டு வருவார்கள். ஒவ்வொரு வருஷமும் இதே கதைதான்.

ஒருமுறை கோயில்பிச்சை ஆவுடையின் காதருகே வந்து, "எலே, ஜன்னல்ல ஒரு அம்மா நின்னு பாத்துக்கிட்டே இருந்தாங்கல்லா, நீ பாக்கலையா?" என்றார்.

"உனக்கு எங்க பாத்தாலும் ஆளு நிக்கும்" என்று சொல்லிவிட்டு ஆவுடை, "இன்னொரு துண்டு இருக்கா டீச்சர்?" என்று கை நீட்டினார். டீச்சர் கொடுத்தார்.

"அவன் வேலையை விட்டுட்டான் டீச்சர்" என்றார் ஆவுடைநாயகம் இப்போது.

"ஏன்?"

"என் வாய்தான் டீச்சர். வேற என்ன?"

நடந்தது இதுதான். கருவிகள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் டீக்கடையில் வைத்துக் கோயில்பிச்சை ஒரு விஷயம் சொன்னார். இடது கண்ணில் திரை விழுகிறது. வலது கண் நன்றாக இருக்கிறது, வேலைக்கு ஒன்றும் குறையில்லை. ஆபரேஷனுக்கு நாள் கேட்டிருக்கிறேன். "ஒருத்தர்ட்டயும் சொல்லிறாதடே. கண்ணு போச்சுன்னு பேராயிரும்."

"நான் சொல்லுவேனால?" என்றார் ஆவுடைநாயகம்.

கருவியைப் பொருத்த ஓர் இன்ஜினியர் வந்தான். கூடத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் எல்லாம் சூழ்ந்து நின்றார்கள். ஒரு பக்கம் கருவி, ஒரு பக்கம் இவர்கள் இருவரும், பந்தயம் வைக்கலாமா சார் என்றான் அவன். வைத்தார்கள். கருவி முதலில் நின்றது. கோயில்பிச்சையின் "போதும்" அரைத்துளி பிந்தி வந்தது. அவ்வளவுதான். பொருட்படுத்த வேண்டிய வித்தியாசமே இல்லை.

ஆனால் கூட்டத்தைக் கண்டால் ஆவுடைநாயகத்துக்கு வாய் நிற்காது. "தம்பி, இவன் இடது கண்ணுல திரை விழுந்தாச்சு. இந்தக் குருட்டுக் கண்ணை வச்சுத்தான் இத்தனை நாளும் ஊருக்கே தண்ணி பாத்துக் கொடுத்திருக்கோம்!" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். கோயில்பிச்சையும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் ஆவுடைநாயகத்துக்கு இன்றும் சோறு இறங்குவதில்லை. சிரித்துவிட்டு அவர் தம் குடுவையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். மறுநாள் வரவில்லை.

"மன்னிப்புக் கேட்டியா?" என்றார் டீச்சர்.

"கேக்காம இருப்பேனா? போன் போட்டேன், எடுக்க மாட்டுக்கான். வீட்டுக்குப் பழக்கூடை அனுப்பினேன். அப்புறம் பெருசா ஒண்ணு செய்வோம்னு நினைச்சேன். மெஷினுக்குத் திறப்பு விழா வச்சு, அவனைத்தான் தலைமைக்குக் கூப்பிட்டேன். அவன் பொண்டாட்டி சொல்லித்தான் வந்தான். மாலை போட்டேன், பொன்னாடை போத்தினேன், மைக்கைப் பிடிச்சு, கோயில்பிச்சையோட கண்ணுதான் இந்தக் கூடத்துக்கே கண்ணுன்னு பேசினேன்."

"கண்ணைப் பத்தியே பேசினியா?"

ஆவுடைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். அன்று மேடையில் அது எவ்வளவு உயர்ந்த பேச்சாகத் தெரிந்தது! எல்லாரும் கை தட்டினார்களே. இப்போது டீச்சர் வாயால் கேட்கும்போதுதான் அது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சிய மாதிரி இருந்திருக்கும் என்று உறைத்தது.

"பொன்னாடையை மடிச்சு நாற்காலியில வச்சுட்டுப் போயிட்டான் டீச்சர். டீ கூடக் குடிக்கல. நாளைக்குக் கோயம்புத்தூருக்கு, மகள் வீட்டோட போறாங்களாம். வீட்டைக் காலி பண்ணியாச்சு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்பாங்கள்ல, அதுதான் என் கதை. அவன் இல்லாம எனக்கு இந்த இடமே வேண்டாம்னு இருக்கு. நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போலாம்னு நினைக்கேன். என்ன சொன்னா அவன் என்னை மன்னிப்பான்? நீங்க சொல்லுங்க டீச்சர், அப்படியே செய்யுதேன்."

டீச்சர் மூலை மேசையைக் காட்டினார்.

"ஒரு டைட்ரேஷன் போடு."

"இப்பவா?"

"இப்பத்தான்."

இதை ஆவுடைநாயகம் எதிர்பார்த்திருக்க வேண்டும். குடுவையில் அமிலத்தை அளந்து விட்டார். நிறம் காட்டும் திரவத்தில் இரண்டு சொட்டுச் சேர்த்தார். பியூரெட்டில் காரத்தை நிரப்பினார். புதிதாக வந்த காந்தத் தட்டைக் கொண்டுவந்து அடியில் வைத்தார் டீச்சர்.

"கலக்குறதை இது பாத்துக்கும். இது நல்லாத்தான் கலக்குது."

ஆவுடைநாயகம் தம் முக்காலியில் உட்கார்ந்தார். டீச்சர் கோயில்பிச்சையின் முக்காலியில் உட்கார்ந்தார். குடுவைக்குள் வெள்ளைக் குச்சி சுற்றியது.

ஆவுடைநாயகத்தின் கை திருகுக்குப் போனது. கண் அளவுக்கோட்டுக்குப் போனது. பழகின மாடு தானே தொழுவத்துக்குப் போகிற மாதிரி, இரண்டும் அதனதன் இடத்துக்குப் போய்விட்டன. துளி விழுந்தது. இன்னொன்று விழுந்தது. கோடு மெல்ல இறங்கியது.

கோடு இறங்குவதைப் பார்க்கப் பார்க்க மனசு கொஞ்சம் அமர்ந்தது. எத்தனை வருஷத்துக் காரியம் இது! பக்கத்து முக்காலியில் ஒரு ஆள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டாலே போதும், அவர் கை நடுங்காது. துளி விழுந்துகொண்டே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்தார்கள். அவர் காது ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தது.

கோடு வெகுதூரம் இறங்கிவிட்ட பிறகுதான் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. குனிந்து பார்த்தார். குடுவையில் லேசான ரோஜா நிறம் எப்போதோ வந்து போயிருந்தது. இப்போது பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரி அடர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது.

சட்டென்று திருகை அடைத்தார்.

"டீச்சர்! நிறம் மாறி எவ்வளவு நேரமாச்சு?"

"ரொம்ப நேரமாச்சு."

"நீங்க போதும்னு சொல்லலையே!"

தாம் சொன்னது தம் காதிலேயே விழுந்தது ஆவுடைநாயகத்துக்கு. குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தார். குச்சி சுற்றுவதை நிறுத்தவும் தோன்றவில்லை.

"கொஞ்சம் அமிலம் விட்டா நிறம் போயிரும்" என்றார் மெதுவாக. முதல் வருஷத்துப் பிள்ளைகள் டீச்சர் பார்க்காதபோது செய்கிற வேலை அது.

"நிறம் போயிரும். கணக்கு?"

"கணக்கு வராது."

"ம்."

டீச்சர் கையை நீட்டித் தட்டின் விசையை அணைத்தார். குச்சி நின்றது. தண்ணீர் மட்டும் கொஞ்ச நேரம் தன்பாட்டுக்குச் சுற்றிவிட்டு ஓய்ந்தது.

"பழக்கூடை அனுப்பினேன்னு சொன்னியே. அப்போ அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல."

"மாலை போட்டப்போ?"

"ஒண்ணும் சொல்லல."

"மைக்குல பேசி முடிச்சியே. அன்னைக்குப் போதும்னு யாரு சொன்னா?"

ஆவுடைநாயகம் யோசித்தார். கை தட்டலைக் கேட்டுப் பூரித்து, வந்தவர்களுக்கு டீயும் மிக்சரும் கொடுக்கச் சொல்லிவிட்டு, விஷயம் முடிந்தது என்று தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கினது ஞாபகம் வந்தது. நாற்காலியில் மடித்து வைத்த பொன்னாடையை அவர் அதற்குப் பிறகுதான் பார்த்தார்.

"நான்தான் டீச்சர்" என்றார்.

வெளியே வெயில் சாய்ந்துவிட்டது. டீச்சர் எழுந்து, அடர்ந்துபோன அந்தத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினார். குடுவையைக் கழுவினார். மூன்று முறை அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஆவுடைநாயகத்தின் முன்னால் வைத்தார்.

"மறுபடியுமா?" என்றார் ஆவுடைநாயகம்.

"அளந்து ஊத்து."

அவர் அளந்து ஊற்றினார். கை கொஞ்சம் நடுங்கியது. பக்கத்து முக்காலி இப்போது காலியாக இருந்தது. டீச்சர் அதில் திரும்ப உட்காரவில்லை. கைப்பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போகவா டீச்சர்?"

"போ."

"போய் என்ன சொல்ல?"

"பெட்டி கனமா இருக்கும். தூக்கி உள்ள வை."

"அவ்வளவுதானா?"

"ஒரு நாளைக்கு ஒரு துளி."

ஆவுடைநாயகம் காலி முக்காலியைப் பார்த்தார். ரயில் நாளைக்குப் போய்விடும். அதற்கப்புறம் போனை எடுக்காத ஒரு மனிதர், கோயம்புத்தூரில், ஒரு கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருப்பார். தீபாவளி வரும், பொங்கல் வரும். இருவருக்கும் வயசும் ஏறிக்கொண்டே போகும்.

"டீச்சர், நான் ஊத்திக்கிட்டே இருக்கேன்னு வைங்க. அவன் கடைசி வரைக்கும் போதும்னு சொல்லவே இல்லைன்னா?"

டீச்சர் வாசலில் நின்று செருப்பைக் காலால் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்ததும் மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் காரை எடுத்துட்டு வந்துரு ஆவுடை. நாசரேத்துக்குப் போகணும்லா."